வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு இந்தியக் குடியுரிமை: பிரிவு 4(1) பதிவுச் சேவை எப்படி இருக்கிறது?

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடலாம். சட்டத்துக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண். தூதரகக் கவுன்டருக்கு மூன்று. இணையதளத்துக்கு இரண்டு, அதுவும் தாராளமாகப் போட்டால். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டும் என்பார்களே, இந்தச் சேவைக்கு அது அப்படியே பொருந்தும். ஒரே வித்தியாசம், இங்கே பூசாரியைப் பார்க்க ஒரு வருடம்தான் கெடு.

தாயோ தந்தையோ இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும், எங்கே பிறந்தாலும் பிள்ளை தானாகவே இந்தியர் என்று நம்புகிறவர்கள் இன்னும் நிறைய பேர். 1992 டிசம்பர் 10 முதல் 2004 டிசம்பர் 2 வரை வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கு அது பெரும்பாலும் சரி. அதற்கு முன் பிறந்தவர்களுக்குத் தந்தை வழிதான். 1990-இல் வெளிநாட்டில் ஓர் இந்தியத் தாய்க்கும் வெளிநாட்டுத் தந்தைக்கும் பிறந்தவர் இந்தப் பிரிவின் கீழ் இந்தியர் ஆக முடியாது. 2004 டிசம்பர் 3 முதல் கதை வேறு. பெற்றோரில் ஒருவர் இந்தியர் என்பது தகுதி மட்டும்தான். பிறப்பு இந்தியத் தூதரகத்தில் பதிவானால்தான் குடியுரிமை. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 4(1) பிரிவு சொல்வது இதுதான். பதிவு பிறந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் நடக்க வேண்டும். தாண்டினால் மத்திய அரசின் அனுமதி வேண்டும்.

நான்கு மதிப்பெண் எதற்கு? மற்ற நாடுகளோடு ஒப்பிட்டால் தெரியும். பிரிட்டனில், வம்சாவளியாகக் குடியுரிமை பெற்றவர் தம் பிள்ளை வெளிநாட்டில் பிறந்தால் பொதுவாக அதைக் கைமாற்ற முடியாது. இந்தியச் சட்டத்தில் தலைமுறைக் கணக்கு இல்லை. ஒவ்வொரு தலைமுறையும் ஒழுங்காகப் பதிவு செய்துகொண்டே போனால், நான்காவது தலைமுறையும் இந்தியர்தான். இன்னொன்று பலர் கவனிக்காதது. இந்தியாவுக்குள் பிறந்த குழந்தைக்கு, ஒரு பெற்றோர் இந்தியர் என்றால் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது என்று 3-ஆம் பிரிவு நிபந்தனை போடுகிறது. வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கான 4-ஆம் பிரிவில் மற்ற பெற்றோரின் நாடு, விசா நிலை எதைப் பற்றியும் ஒரு வார்த்தை கிடையாது. (நடுவானில் பிறந்தால்? பதிவு செய்யப்பட்ட விமானத்திலோ கப்பலிலோ பிறந்த குழந்தை, அது பதிவான இடத்திலேயே பிறந்ததாகக் கருதப்படும். இந்தியாவில் பதிவான விமானத்தில் அட்லாண்டிக் மேலே பிறந்தால் 4-ஆம் பிரிவே தேவையில்லை, 3-ஆம் பிரிவுக்குப் போய்விடலாம்.)

குறைத்த ஒரு மதிப்பெண், அந்த ஒரு வருடக் கெடுவுக்கு. சட்டத்தின் சொல் "பதிவு செய்யப்பட்டால்" என்பது, "விண்ணப்பித்தால்" என்பதல்ல. பதினோராவது மாதம் படிவத்தைத் தட்டிவிட்டு, அப்பாயின்ட்மென்ட் கிடைக்காமல், போதாத ஆவணம் ஒன்றுக்காகத் திருப்பி அனுப்பப்பட்டு, முதல் பிறந்த நாளைத் தாண்டிவிடுகிறவர்கள் மாட்டுவது இங்கேதான். ஆறாவது மாதத்துக்குள் கோப்பு தூதரகத்தின் கைக்குப் போயிருந்தால் நிம்மதி. ஒன்பதாவது மாதம்தான் கடைசி எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், விசா விதிகள் நெருக்கடியாக இருக்கும் நாடுகளில் இந்தக் கெடு யாரையும் அதிகம் கடிப்பதில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் பிறந்த குழந்தைக்கு 120 நாளுக்குள் குடியிருப்பு விசா எடுக்க வேண்டும், இல்லையென்றால் அபராதம். விசாவுக்குப் பாஸ்போர்ட் வேண்டும். ஆகவே பெற்றோர் முதல் மாதமே தூதரகச் சேவை மையத்தின் வாசலில் நிற்பார்கள். கெடு தவறுவது பெரும்பாலும் பிரிட்டனிலும் வட அமெரிக்காவிலும். அங்கே குழந்தையின் இருப்புக்கு உடனடிச் சிக்கல் எதுவும் இல்லை, "ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுகிறார்கள். ஊருக்குப் போக டிக்கெட் பார்க்கும்போது குழந்தைக்குப் பதினான்கு மாதம்.

நடைமுறை

முதல் படி உள்ளூர்ப் பிறப்புச் சான்றிதழ். இங்கிலாந்திலும் சிங்கப்பூரிலும் பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும். மலேசியாவில் 60 நாள். பெற்றோர் இருவர் பெயரும் இருக்கும் முழுச் சான்றிதழையே வாங்குங்கள். பிரிட்டனின் குறுஞ்சான்றிதழில் பெற்றோர் பெயரே இருக்காது. யாருக்குப் பிறந்த குழந்தை என்று காட்டாத தாள் வம்சாவளிக் குடியுரிமைக்கு எதற்கும் உதவாது. ஆங்கிலம் அல்லாத சான்றிதழ் என்றால் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு வேண்டும். ஜெர்மனியில் கேட்டால் பன்மொழிச் சான்றிதழே கொடுப்பார்கள், மொழிபெயர்ப்புச் செலவு மிச்சம். வளைகுடா நாடுகளில் பொதுவாக அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பமும் தேவைப்படும்.

அடுத்தது உள்துறை அமைச்சகத்தின் குடியுரிமை இணையதளம். பிரிவு 4(1)-ஐத் தேர்ந்தெடுத்தால் படிவம் 1 திறக்கும். குழந்தையின் விவரம், பெற்றோர் இருவரின் பாஸ்போர்ட் விவரம், ஒவ்வொருவரும் எப்படிக் குடியுரிமை பெற்றார்கள் (பிறப்பால், வம்சாவளியால், பதிவால்), இந்திய முகவரி ஆகியவற்றைக் கேட்கும். சமர்ப்பித்ததும் கோப்பு எண் வரும். அதை அச்செடுத்து, இருவரும் கையெழுத்திட்டு, ஆவணங்களோடு உங்கள் வசிப்பிடம் எந்தத் தூதரகத்தின் எல்லைக்குள் வருகிறதோ அங்கே கொடுக்க வேண்டும். பல நாடுகளில் வி.எஃப்.எஸ்., பி.எல்.எஸ். போன்ற முகமை நிறுவனங்கள் இதை வாங்கி அனுப்புகின்றன. அவற்றின் வேலை தாள்களை எண்ணுவது மட்டும்தான். தகுதி பற்றி அங்கே சட்டக் கேள்வி கேட்டுப் பயனில்லை, அதைத் தூதரகத்துக்கு மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பாஸ்போர்ட். இது வெளியுறவு அமைச்சகத்தின் வேறொரு தளம். முதல் தளத்தில் அடித்த எல்லாவற்றையும் இங்கே மறுபடி அடிக்க வேண்டும். இரண்டு அமைச்சகங்களும் ஒரே அரசின் கீழ்தான் இருக்கின்றன, ஆனால் அவற்றின் கணினிகளுக்கு அது தெரியாது. இணையதளத்துக்கு இரண்டே மதிப்பெண் போட்டதற்கு முதல் காரணம் இது. இங்கே அடித்த பெயரில் ஓர் எழுத்து அங்கே மாறினாலும் கோப்பு நின்றுவிடும்.

கையில் இருக்க வேண்டியவை: முழுப் பிறப்புச் சான்றிதழ், பெற்றோர் இருவரின் பாஸ்போர்ட் (முதல் பக்கமும் கடைசிப் பக்கமும்), திருமணச் சான்றிதழ், வசிக்கும் நாட்டில் இருவரின் விசா அல்லது அனுமதி அட்டை, முகவரிச் சான்று, குழந்தையின் படம். இதில் அதிகம் தவறுவது பெற்றோரின் பழைய பாஸ்போர்ட். குழந்தை பிறந்த பிறகு இந்தியப் பெற்றோர் தம் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருந்தால், புதியதன் வழங்கு தேதி குழந்தையின் பிறந்த தேதிக்குப் பிந்தியதாக இருக்கும். நிரூபிக்க வேண்டியதோ பிறந்த அன்று அவர் இந்தியர் என்பதை. ரத்து முத்திரை குத்திய பழையதையும் சேர்த்து வையுங்கள். அடுத்தது, பெற்றோரின் பாஸ்போர்ட் கடைசிப் பக்கத்தில் கணவர் அல்லது மனைவி பெயர் சேர்க்கப்படாமல் இருப்பது. திருமணத்துக்கு முன் எடுத்த பாஸ்போர்ட்டையே வைத்திருப்பவர்கள், குழந்தைக்கு விண்ணப்பிக்கும் முன் அதைச் சரிசெய்துவிட்டால் ஒரு நடை மிச்சம். திருமணச் சான்றிதழ் விஷயத்தில் ஒரு முரண். சட்டத்தின் வாசகத்தில் பெற்றோர் மணமானவர்களாக இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை, கவுன்டரில் சான்றிதழ் கேட்பார்கள். மணமாகாத பெற்றோரும் தனித்து வளர்ப்பவர்களும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொண்டு போவது நல்லது. குழந்தையின் பொறுப்பு யாருக்கு என்ற நீதிமன்ற உத்தரவு இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.

தேதி எழுதும் முறையிலும் ஒரு பொறி உண்டு. அமெரிக்கச் சான்றிதழில் மாதம் முதலில் வரும். 03/07 என்பது அங்கே மார்ச் 7, நம் படிவத்தில் ஜூலை 3.

இனிஷியல் தொல்லை

தமிழர்களின் கோப்புகள் திரும்பி வரும் காரணங்களில் பெயருக்குத்தான் முதலிடம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டிலோ "சர்நேம்" என்று ஒரு கட்டம். ஒருவர் அதில் அப்பா பெயரை எழுதியிருப்பார், இன்னொருவர் காலியாக விட்டிருப்பார், மூன்றாமவர் தம் பெயரையே சர்நேமாக்கியிருப்பார். குழந்தை பிறந்த மருத்துவமனையில் "கடைசிப் பெயர் என்ன?" என்று கேட்டதும், அவசரத்தில் தாத்தா பெயர் சொல்லப்படும். வளைகுடாவில் தந்தை பெயரையும் தாத்தா பெயரையும் அவர்களே வரிசையாகச் சேர்த்துவிடுவார்கள். பிறகு சான்றிதழில் ஒன்று, வீட்டில் நினைத்தது ஒன்று, படிவத்தில் அடித்தது ஒன்று.

தூதரகம் உள்ளூர்ச் சான்றிதழில் இருப்பதைத்தான் எடுத்துக்கொள்ளும். எனவே பெயரை முடிவு செய்ய வேண்டிய இடம் மருத்துவமனைப் படிவம். பிரசவத்துக்குப் போகும் பையிலேயே, குழந்தையின் பெயரை ஆங்கிலத்தில் எழுத்து எழுத்தாக, "பெயர்" இது, "சர்நேம்" இது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் பெயரும் அவரவர் பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்துகளில் சான்றிதழில் ஏற வேண்டும். "செந்தில்" என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்பது தமிழருக்குச் சொல்ல வேண்டியதில்லை. சர்நேமைக் காலியாக விடுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை வருகை விசாவில் அனுமதிப்பதில்லை என்று அமீரகம் அறிவித்து, பிறகு தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இரண்டாம் பக்கத்தில் இருந்தால் போதும் என்று தளர்த்தியது. குழந்தைக்கு அந்தத் தலைவலி எதற்கு? அப்பா பெயரோ அம்மா பெயரோ சர்நேமில் இருக்கட்டும். தவறிவிட்டால், முதலில் பிறந்த நாட்டில் சான்றிதழைத் திருத்தி வாங்கி, அதன் பிறகே இந்தியத் தளத்தைத் திறக்க வேண்டும்.

கையெழுத்துக்குப் பதிலாகக் குழந்தையின் பெருவிரல் ரேகை வைக்கும்போது ஆண் குழந்தைக்கு இடது கை, பெண் குழந்தைக்கு வலது கை. மையைக் குறைவாகத் தடவுங்கள், கட்டத்துக்கு வெளியே வழிந்தால் படிவத்தை மறுபடி அச்செடுக்க வேண்டும்.

எந்தப் பாஸ்போர்ட் முதலில்?

இந்தச் சேவையில் திருத்தவே முடியாத தவறு ஒன்று உண்டு, அது வரிசையை மாற்றுவது. குழந்தையிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் இருவரும் உறுதிமொழி கொடுத்தால்தான் பதிவு. கவனியுங்கள், சட்டம் கேட்பது பாஸ்போர்ட்டைப் பற்றி. பிறந்த மண்ணாலோ மற்ற பெற்றோராலோ குழந்தைக்கு வேறு குடியுரிமை தானாக வந்திருந்தால் அது மட்டுமே தடையல்ல. ஆனால் அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டை எடுத்துவிட்டால் உறுதிமொழியில் உண்மையாகக் கையெழுத்திட முடியாது, கதவு மூடிக்கொள்ளும். பொய்யாகக் கையெழுத்திட்டுவிட்டுப் பின்னால் விமான நிலையத்தில் இரண்டையும் நீட்டுவது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

அமெரிக்காவில் பிறந்து அந்நாட்டுக் குடியுரிமை உள்ள குழந்தைக்கு இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று. அமெரிக்கக் குடிமக்கள் அமெரிக்கப் பாஸ்போர்ட்டில்தான் நாட்டை விட்டுப் போகவும் வரவும் வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். இந்தியப் பாஸ்போர்ட்டில் விசா ஒட்டித் திரும்பலாம் என்றால், சொந்தக் குடிமகனுக்கு அந்த நாடு விசா கொடுக்காது. கனடாவிலும் ஏறத்தாழ இதே நிலைதான், விமானத்தில் ஏறவே கனடியப் பாஸ்போர்ட் கேட்பார்கள். எனவே அங்கேயே வாழப் போகும் குடும்பத்துக்கு 4(1) பொருந்தாது. அவர்களுக்கு ஓ.சி.ஐ. அட்டைதான் வழி (இந்தியத் தொடர்புள்ள வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்தியா தரும், நீண்டகால விசா போன்ற அட்டை). பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தாலே குழந்தைக்கு அது கிடைக்கும், வெளிநாட்டில் விண்ணப்பித்தால் கட்டணம் 275 டாலர். வாக்குரிமை கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. 20 வயது வரை ஒவ்வொரு புதிய பாஸ்போர்ட்டையும் மூன்று மாதத்துக்குள் தளத்தில் ஏற்ற வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. பெற்றோரிலோ தாத்தா பாட்டியிலோ கொள்ளுத் தாத்தா பாட்டியிலோ எவராவது பாகிஸ்தான் அல்லது வங்கதேசக் குடிமகனாக இருந்திருந்தால் ஓ.சி.ஐ. கிடையாது. இலங்கைக்கு அந்தத் தடை இல்லை. இந்திய–இலங்கைத் தம்பதிகள் வீணாகக் கலங்குவதைப் பார்ப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வளைகுடா, சிங்கப்பூர் போன்ற, மண்ணில் பிறந்ததற்காக மட்டும் குடியுரிமை தராத நாடுகளில், மற்ற பெற்றோர் வழியாகவும் எதுவும் வராத குழந்தைக்கு இந்த விவாதமே இல்லை. 4(1) தவறினால் அந்தக் குழந்தை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் நிற்கும்.

பெற்றோர் இருவரும் வேறு நாட்டுக் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கும் குடும்பங்கள் நாள்காட்டியைப் பார்க்க வேண்டும். தகுதி தீர்மானமாவது குழந்தை பிறந்த நாளில். அதற்கு முந்தின வாரம் இருவரும் உறுதிமொழி எடுத்து வேறு நாட்டவராகிவிட்டால், 9-ஆம் பிரிவின்படி அவர்களின் இந்தியக் குடியுரிமை தானாகவே போய்விட்டது, குழந்தைக்குக் கொடுக்க எதுவும் மிச்சமில்லை. இதில் ஏதாவது இடுக்கு உண்டா என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை ஒரு வழக்குப் போனது. தாய் கருவுற்றிருந்தபோதே பெற்றோர் சிங்கப்பூர்க் குடிமக்களாகிவிட்டார்கள், மகன் பிறந்தது பிறகு. வயது வந்தபின் குடியுரிமையைத் திரும்பப் பெறலாம் என்று உயர் நீதிமன்றம் ஏற்றது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மாற்றிவிட்டது. 8-ஆம் பிரிவில் உள்ள அந்த மீட்பு வழி, பெற்றோர் தாமே அறிவித்துக் குடியுரிமையைத் துறந்தால் மட்டும், வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றதால் தானாக இழந்தால் அல்ல என்பது தீர்ப்பு.

வருடம் தாண்டிவிட்டால்

அதே படிவம் 1, கூடவே ஏன் தாமதமானது என்ற விளக்கம். கோப்பு உள்துறை அமைச்சகத்தின் அனுமதிக்குப் போகும், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். விளக்கத்தில் "தெரியாது" என்று ஒரு வரி எழுதுவதைவிட, தேதி வாரியாக எழுதி, மருத்துவச் சீட்டு, கிடைக்காத அப்பாயின்ட்மென்ட்டின் அச்சு என்று ஒவ்வொன்றுக்கும் தாள் இணைப்பது பலன் தரும்.

இங்கே ஒரு தவறான குறுக்கு வழி உலவுகிறது, ஊருக்கு வந்து மாநகராட்சியில் பிறப்பைப் பதிந்துவிட்டால் சரியாகிவிடும் என்று. 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, இந்தியாவில் குடியேறத் திரும்பும் பெற்றோர் குழந்தை வந்த 60 நாளுக்குள் பிறப்பைப் பதியலாம் என்கிறது. அது பிறப்பின் பதிவு. குடியுரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு கேட்பது தூதரகப் பதிவு. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. 4(1) கைவிட்டுப்போனவர்களுக்கு, அதே குடியுரிமைச் சட்டத்தில் இந்தியக் குடிமக்களின் மைனர் பிள்ளைகளைப் பதிவு செய்யும் 5(1)(டி) பிரிவும், சிறப்புச் சூழ்நிலையில் எந்த மைனரையும் பதிவு செய்யும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தரும் 5(4) பிரிவும் இருக்கின்றன. இரண்டும் நீண்ட வழி.

கவுன்டருக்கு மூன்று மதிப்பெண் ஏன் என்றால், முழுமையான கோப்பு கொண்டு போகிறவருக்கு வேலை ஒழுங்காகவே நடக்கிறது, முழுமை என்றால் என்ன என்பதுதான் தூதரகத்துக்குத் தூதரகம் மாறுகிறது. கட்டணமும் அப்படியே. அதோடு இந்தியச் சமூக நல நிதிக்கு ஒரு சிறு தொகையும் சேரும். போகும் முந்தின நாள் அந்தந்தத் தூதரகத்தின் பக்கத்தைப் பாருங்கள், பக்கத்து நாட்டில் இருக்கும் உறவினர் கொடுத்த பட்டியல் செல்லாது.

பதிவு முடிந்து கிடைக்கும் சான்றிதழைப் பாஸ்போர்ட்டைவிடப் பத்திரமாக வையுங்கள். குழந்தையின் பாஸ்போர்ட் ஐந்து வருடத்தில் காலாவதியாகும், அந்தச் சான்றிதழ் ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமையும் தானாக ஒட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இன்னொரு தேதி காத்திருக்கிறது. 18 வயது நிறைந்த ஆறு மாதத்துக்குள் அந்த வெளிநாட்டுக் குடியுரிமையைத் துறக்க வேண்டும், இல்லையென்றால் 4(1ஏ) பிரிவின்படி இந்தியக் குடியுரிமை போய்விடும். துறப்பதற்கான விண்ணப்பம் அந்த வெளிநாட்டின் தூதரகத்தில், அவர்கள் வேகத்தில் நடக்கும். பதினேழரை வயதிலேயே அங்கே நடைமுறையையும் காத்திருப்பு நாளையும் விசாரித்துவிடுங்கள்.